நாலாம் மாடியும் துரையும்

அந்த ஹோட்டலில் அவளை எல்லாரும் நாலாம் மாடி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக நாலாவது மாடியின் பதினான்கு அறைகளும் அவள் பொறுப்பு. கீழே வரவேற்பிலிருந்து போன் வரும். "நாலாம் மாடி, 409 காலி" என்பார்கள். "நாலாம் மாடிதான் பேசுறேன், அஞ்சு நிமிஷத்துல போறேன்" என்பாள் அவளும்.

அவள் சுத்தம் செய்த அறையைப் பார்க்க வேண்டும், அடேயப்பா! படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கத்தைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள், நான் ஒரு பக்க மீசையை எடுத்துவிடுகிறேன். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு வேலை வைத்திருப்பாள். குளியலறைத் தரையில் மண்டியிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்து, முடி தேடுவாள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத முடி அந்த வெளிச்சத்தில் நிழலோடு தெரிந்துவிடும். ஈரத் தாளால் அதை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள். வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: "முன்னாடி ஒருத்தர் இங்க இருந்தாங்கன்னே அடுத்தவங்களுக்குத் தெரியக் கூடாது." அதை அவள் மண்டையில் ஆணி அடித்த மாதிரி ஏற்றிக்கொண்டாள்.

துரை கிடைத்ததும் அப்படி முடி தேடும்போதுதான். 412-இல் தங்கியிருந்த ஆள் விடிவதற்குள் கிளம்பிப் போயிருந்தார். டார்ச் வெளிச்சம் முகம் கழுவும் தொட்டிக்குக் கீழே போனது. அங்கே குழாய்க்குப் பின்னால் இரண்டு பச்சைக் கண்கள். சாம்பல் நிறத்தில் ஒரு கடுவன் பூனை, ஒன்றரை வயது இருக்கலாம், சுவரோடு ஒட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. சீப்பை மறந்துவிட்டுப் போகிற மாதிரி அந்த மகானுபாவர் பூனையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறந்தாரா, வேண்டுமென்றேதானா என்பது அவருக்கே வெளிச்சம். அவர் எழுதிக் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தால் வேறு யாரோ எடுத்து எரிந்து விழுந்தார்கள்.

ஹோட்டலில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தினர் விட்டுப்போன பொருளை நோட்டில் எழுதி மூன்று மாதம் வைத்திருப்பார்கள். யாரும் கேட்டு வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே அது சொந்தம். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். விதி விதிதானே! 'பூனை, ஒன்று. சாம்பல் நிறம். உயிருடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உயிருள்ளதை அலமாரியில் பூட்டிவைக்க முடியாது என்பதால், மூன்று மாதமும் நாலாம் மாடியே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று.

"எனக்கு இத்தனை வருஷத்துல கிடைச்சது மூணு குடையும் ஒத்தைச் செருப்பும்தான். உனக்குப் பாரு, மூக்கும் முழியுமா ஒரு துரையே கிடைச்சிருக்கார்" என்றாள் மூணாம் மாடி. அவள் மூன்றாவது மாடியைப் பார்ப்பவள், வாயாடி, மனசு வெள்ளை. அவள் வைத்த பெயர்தான் துரை. மூன்று மாதம் ஆகியும் துரையைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. (பூனையை 'அது' என்று எழுதுவதுதான் முறை. நாலாம் மாடியின் காதில் விழுந்தால் சண்டைக்கு வந்துவிடுவாள் என்பதால் நான் 'அவன்' என்றே எழுதிவிடுகிறேன்.)

அவள் வீடு ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும் ஒரு சமையலறையும். கணவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகன் வேலைக்காக வேறு ஊருக்குப் போய் ஆறு வருஷம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன்ப்பா." "உடம்பு?" "அது பாட்டுக்கு இருக்கு." அவ்வளவுதான் பேச்சு. மற்றபடி அந்த வீட்டை ஈ காக்கா எட்டிப் பார்க்காது. அவள் பகலெல்லாம் பிறத்தியாருடைய படுக்கைகளை விரித்துவிட்டு, சாயங்காலம் வந்து, குளித்து, வீட்டைத் துடைத்து, தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். சில நாள் படுத்த பிறகுதான், இன்றைக்கு வீட்டுக்குள் வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும்.

துரை வந்ததும் பேச ஆள் கிடைத்தது. ஆனால் ஆள்தான் கண்ணில் படுவதில்லை. மேல் வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்தால் போதும், கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுவான். இவள் தட்டை வைத்துவிட்டு அறையை விட்டுப் போனால்தான் சாப்பிட வருவான். "ஏன்டா துரை, நான் என்ன பேயா பிசாசா? சோறு போடுறவளைப் பார்த்தே இந்த ஓட்டம் ஓடுறியே!" என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து கேட்பாள். துரை கண் கொட்டாமல் பார்ப்பான். எப்போதாவது, அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, மெத்தையின் கால்மாட்டில் வந்து படுப்பான். அவளும் தூங்குகிற மாதிரியே அசையாமல் கிடப்பாள். கால் மரத்துப்போனாலும் புரண்டு படுக்க மாட்டாள். அந்த ஒரு சாண் சூட்டுக்காக அவள் அன்றைய பொழுது முழுக்கக் காத்திருந்தாள் என்றே சொல்லலாம்.

ஆறாவது மாதம் வந்தது வினை. துரை ஒன்றுக்குப் போக வைத்திருந்த மண் நிரப்பிய தட்டுக்குள் போய் உட்காருவான், முக்குவான், ஒன்றும் வராமல் எழுந்து வருவான். இரண்டு நிமிஷத்தில் மறுபடி போவான். மணலில் இரண்டு சொட்டு, அதுவும் ரத்தம் கலந்து. அடிவயிற்றைத் தொட்டால் அலறினான்.  துண்டைப் போட்டு அவனைப் பிடித்து, கூடையில் வைத்து, கால்நடை மருத்துவமனைக்கு ஓடினாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா கறார்ப் பேர்வழி. "மூத்திரப்பை வீங்கியிருக்கு. கடுவனுக்கு மூத்திரக் குழாய் குறுகலா இருக்கும், அடைச்சுக்கும். ஒரு நாள் விட்டாக்கூட உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, உடனே கொண்டுவந்தீங்க" என்றார். மெல்லிய குழாய் போட்டு அடைப்பை எடுத்தார்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஈரமான உணவுதான் தர வேண்டும், பயப்படாமல் இருக்க வேண்டும் என்றார்கள். முதல் இரண்டையும் நாலாம் மாடி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு செய்தாள். மூன்றாவதற்குத் தன்னால் முடிந்ததையும் செய்தாள்: நோயாளி இருக்கிற வீடு என்று, முன்னைவிட இரண்டு மடங்கு சுத்தமாகத் துடைத்தாள்.

ஆறு வாரத்தில் மறுபடி அடைத்துக்கொண்டது. அதற்கு ஐந்து வாரம் கழித்து மூன்றாவது முறை.

மூன்றாவது முறை போனபோது டாக்டரம்மா துரையைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டு, அவனை விட்டுவிட்டுக் கூடையையே பார்த்தார். மூக்கை அருகில் கொண்டுபோனார். பிறகு உள்ளே விரித்திருந்த துண்டைத் தூக்கிப் பார்த்தார். நான்கு மூலையும் இழுத்து மடித்து, இஸ்திரி போட்ட மடிப்போடு இருந்தது.

"கூடையை எதுலம்மா கழுவினீங்க?"

"எங்க ஹோட்டல்ல போடுறது. எலுமிச்சை வாசனை. கிருமி ஒண்ணு மிஞ்சாது, டாக்டர்."

"அவன் நேத்து எங்க தூங்கினான்?"

"கட்டிலுக்கு அடியில."

"அந்த இடத்தைத் துடைச்சீங்களா?"

"துடைக்காம? தினம் துடைப்பேனே!"

"அவன் படுக்கிற துணி?"

"தினம் வெந்நீர்ல போட்டு எடுப்பேன்."

"நீங்க வேலை விட்டு வந்ததும் குளிச்சிடுவீங்க."

"முதல் வேலை அதான். ரூம்ல மிச்சமாகிற சின்னச் சின்ன சோப்பெல்லாம் எங்களுக்குத்தான் கொடுப்பாங்க. அதுவும் எலுமிச்சைதான்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "கட்டில் கால்ல, கதவு நிலையில எல்லாம் இவன் கன்னத்தை வச்சுத் தேய்ப்பான், பார்த்திருக்கீங்களா? லேசா அழுக்குப் படிஞ்ச மாதிரி இருக்கும்."

"ஆமா, டாக்டர். அதை எடுக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துடும்."

"அது அழுக்கு இல்லம்மா. அது அவன் வாசனை. இது என் இடம், இங்க பயமில்லைன்னு அவனுக்கு அவனே சொல்லிக்கிறது. நீங்க தினம் அதைத் துடைச்சிடுறீங்க. அவன் தினம் யாரோட வீட்டுலயோ கண் முழிக்கிறான். அந்தப் பயத்துலதான் மூத்திரப்பை புண்ணாகுது. மண்ணை அள்ளிப் போடுங்க, தட்டை வெறும் தண்ணியில கழுவுங்க, போதும். மத்ததை விட்டுடுங்க."

 நாலாம் மாடிக்குக் கோபம் வந்தது. "இருபத்தாறு வருஷமா ஒரு கெஸ்ட் என் ரூமைக் குறை சொன்னதில்ல, டாக்டர்!"

"கெஸ்ட் மறுநாள் போயிடுவாங்கம்மா. இவன் இருக்க வந்தவன்."

மறுபடி குழாய் போட வேண்டியிருந்ததால் துரையை அங்கேயே விட்டுவிட்டு வெறும் கூடையோடு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் டாக்டரம்மா போன் செய்தார். துரை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, கூண்டின் மூலையில் சுருண்டு கிடக்கிறான், பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரல் கெட்டுவிடும் என்றார். "நாளைக்குக் காலையில குழாயை எடுக்கப் போறேன். எடுத்தப்புறம் அவனா மூத்திரம் போகணும். பயந்து இறுக்கிக்கிட்டு இருந்தான்னா மறுபடி அடைக்கும். அப்புறம் ஆபரேஷன்தான். இருக்கிற நிலைமையில தாங்குவானான்னு என்னால சொல்ல முடியாது. வீட்டுலேர்ந்து அவன் வாசனை இருக்கிற துணி ஏதாவது கொண்டுவாங்க. துவைக்காதது. அது பக்கத்துல இருந்தா கொஞ்சம் தெளிவான்."

"இதோ கொண்டுவரேன்" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நேற்று மருத்துவமனையிலிருந்து வந்தவள் வேறு எதுவும் தோன்றாமல் வழக்கம்போல விரிப்பு, துணி, திரை எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

டார்ச்சை எடுத்தாள். கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டு, தரையோடு தரையாக வெளிச்சம் அடித்தாள். பளபளவென்று தரை. அலமாரிக்குப் பின்னால், கதவு இடுக்கில், நாற்காலிக் கால்களில் எல்லாம் பார்த்தாள். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பையைத் திறந்தாள், அதையும் நேற்றே கொட்டிக் கழுவியிருந்தாள். எட்டு மாதம் ஒரு பூனை ஓடி ஒளிந்து வாழ்ந்த வீட்டில் ஒரு முடி, ஒற்றை முடி கிடைக்கவில்லை. ஹோட்டல் அறை என்று அவளே வந்து சோதனை போட்டிருந்தாலும் முழு மதிப்பெண் கொடுத்திருப்பாள்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவர் போன மூன்றாம் நாள் அவருடைய தலையணை உறையைத் துவைத்துப் போட்டது ஞாபகம் வந்தது. வெயிலில் அது காய்ந்துகொண்டிருந்தபோதுதான் மூக்கில் வைத்துப் பார்த்தாள், எலுமிச்சை. அன்றைக்கு அதைப் பெரிதாக நினைக்கவில்லை, நினைக்க நேரமும் இல்லை, வீட்டில் வேலை கிடந்தது. இப்போது நினைத்து, வாய்விட்டு அழுதாள். தன்னைப்போல ஒரு தனிக்கட்டை உலகத்திலேயே இருக்காது என்று தோன்றியது. அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். "டாக்டர், ஒண்ணும் இல்ல. வீட்டுல ஒண்ணுமே இல்ல."

 "சரி, அவனுக்குத் தெரிஞ்சது உங்க வீட்டுல நீங்க ஒருத்தர்தான். நீங்களே வாங்க. இன்னிக்குக் குளிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"குளிக்காதீங்க. நாளைக்கு வர்ற வரைக்கும் குளிக்காதீங்க. ஒரே துணியில இருங்க, அதுலயே படுங்க. வேர்த்தா துடைக்காதீங்க. அந்தச் சோப்பு கையில படவே கூடாது."

வேலைக்கு விடுப்புச் சொன்னாள். பத்து வருஷத்தில் அவள் சொந்த உடம்புக்குக்கூட விடுப்பு எடுத்ததில்லை என்பதால், மூணாம் மாடி பதறிப்போய்ப் போன் செய்தாள். "துரைக்காகக் குளிக்காம இருக்கணும், அதான் வரல" என்று இவள் சொன்னதும், "ஐயையோ, நீயா! வெளில சொல்லாதே, ஹோட்டலை இழுத்து மூடிடுவாங்க" என்றாள். பிறகு குரல் தாழ்த்தி, "உன் துரைக்கு ஒண்ணும் ஆகாதுடி. உன் மாடியை நான் பார்த்துக்கறேன், போ" என்றாள்.

நல்ல வெயில் காலம். நேற்று இரவு போட்ட அதே நைட்டியோடு ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். வேர்வை கழுத்தில் வழிந்தது, முதுகில் ஊறியது. கை துணியைத் தேடித் தேடிப் போயிற்று. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். துடைக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பகல் எவ்வளவு நீளம் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. தம்ளரைத் தரையில் வைத்தாள், அப்படியே விட்டாள். ஏதோ பெரிய தப்புச் செய்கிற மாதிரி இருந்தது.

அன்று ஞாயிறு இல்லை. ஆனாலும் மகனுக்குப் போன் செய்தாள். அவன் பயந்துபோய் எடுத்தான். விஷயத்தைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. போன லீவுக்குப் பத்து நாள்னு வந்துட்டு ஏன் நாலு நாள்ல கிளம்பின?"

"அது... வேலை வந்துடுச்சும்மா."

"டேய்."

அவன் சிரித்தான், கொஞ்சம் சங்கடமாக. "பல்லு தேய்ச்சிட்டு வர்றதுக்குள்ள படுக்கையை விரிச்சு, தலையணையை நிமித்தி, என் பையை வாசல் பக்கம் அழகா எடுத்து வச்சிருப்பே. எப்படா காலி பண்றேன்னு கேக்கற மாதிரியே இருக்கும்." தானே அவசரமாக, "விளையாட்டுக்குச் சொன்னேன்மா" என்றும் சேர்த்துக்கொண்டான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் அப்படி நினைக்கலப்பா" என்றாள். அவனும் "தெரியும்மா" என்றான். தெரியும் என்றால் ஏன் போனான் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவள் கேட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அவள் சுபாவம் அப்படி.

மறுநாள் காலை அதே நைட்டிக்கு மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள். தலை பிசுபிசுத்தது. தன் வாடை தனக்கே மூக்கைத் துளைத்தது. பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றிக் கூசிப்போனாள். நிஜத்தில் ஒருவரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழாயை எடுத்தாயிற்று என்றார் டாக்டரம்மா. எடுத்து இரண்டு மணி நேரம் ஆகியும் துரை ஒரு சொட்டு விடவில்லை, தீனியையும் தொடவில்லை. நர்ஸ் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து நாலாம் மாடியின் மடியில் வைத்தாள். எட்டு மாதத்தில் துரை அவள் மடிக்கு வருவது அதுதான் முதல் தடவை. எலும்பும் தோலுமாக, வயிறு மட்டும் கல்லாக இருந்தான். ஓடப் பார்த்தான். அவள் பிடிக்கவில்லை, கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டாள். "போறதுன்னா போடா துரை. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். 

துரை போகவில்லை. சால்வை விலகியிருந்த இடத்தில், வேர்வை காய்ந்து உப்புப் பூத்த துணியில் மூக்கை வைத்தான். அங்கேயும் இங்கேயும் முகர்ந்தான். அவள் அக்குளுக்குள் தலையையே நுழைத்துக்கொண்டு, வெகு நேரம் அப்படியே இருந்தான். சுவரில் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு கன்னத்தை அவள் விலாவில் அழுத்தித் தேய்த்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை.  அவன் நடுக்கம் நின்றது. உடம்பு தளர்ந்து மடியில் கனத்தது. அப்புறம் அவள் தொடையில் வெதுவெதுப்பாக ஏதோ பரவிற்று.

"ஐயோ, மேலேயே போயிட்டான்!" என்று நர்ஸ் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"கிட்ட வராதீங்க!" என்று நாலாம் மாடி போட்ட சத்தத்தில் நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள். "துடைக்காதீங்கம்மா. அவன் போகட்டும். முழுக்கப் போகட்டும்."

போய்க்கொண்டே இருந்தான். நைட்டி நனைந்து, நாற்காலி நனைந்து, தரையில் சொட்டத் தொடங்கியது. டாக்டரம்மா குனிந்து நிறத்தைப் பார்த்தார். ரத்தம் இல்லை. "நல்லாப் போறான்" என்றார். அந்தக் கறார் டாக்டரம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது. நாலாம் மாடி சிரித்துக்கொண்டே அழுதாள். மூக்கு ஒழுகியது, அதையும் துடைக்கவில்லை.

சாயங்காலம் வரை வைத்திருந்து, இரண்டு வாய் சாப்பிட்டதையும் பார்த்துவிட்டு, டாக்டரம்மா துரையை அவளோடு அனுப்பினார். நைட்டி மடியிலேயே காய்ந்திருந்தது. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மூக்கைச் சுளித்தார், இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். காலியான அந்த இடத்தில் அவள் கூடையைத் தூக்கி வைத்து, ஒரு கையை அதன்மேல் போட்டுக்கொண்டாள்.